சூலு மாணவர் மேடையும் மூன்றெழுத்து நோயும்

அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுதல் இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு பொருளுக்கு வேறு பெயர் இட்டு வழங்குதல் குழூஉக்குறி. தமிழிலக்கணம் இவ்விரண்டையும் தகுதி வழக்கு என்னும் ஒரே வகையுள் அடக்கியுள்ளது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் வாழும் சூலு மக்கள் எய்ட்ஸ் நோய்க்கு வழங்கிய பெயர்களை நோக்கினால், இவ்விரு வழக்கும் அங்கே ஒருங்கே தொழிற்பட்டமை விளங்கும். அந்நோய்க்கு 'இங்குலாசி' என்றொரு சொல் சூலு மொழியில் உண்டு. ஆயினும் வீட்டிலும் தெருவிலும் அதனை வாய்விட்டுச் சொல்லக் கூசினோர் பலர். எச்.ஐ.வி. என்பது மூன்றெழுத்தாதலின் 'அந்த மூன்றெழுத்து' என்றனர். இன்னும் சிலர், மூன்றெழுத்தாலான ஒரு சலவைத்தூளின் பெயரையே எடுத்து நோய்க்கு இட்டனர். கேட்போர்க்கு முதலில் நகைப்பு வரும். ஆனால், பெயர் சொல்ல முடியாத ஒரு நோயைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்று எண்ணிப் பார்த்தால் அந்நகைப்பு நில்லாது.

தென்னாப்பிரிக்க அரசாங்கம் ஆண்டுதோறும் அரசு மருத்துவ நிலையங்களுக்கு வரும் கர்ப்பிணிப் பெண்களின் குருதியைச் சோதித்துக் கணக்கெடுத்து வந்தது. 1990-ஆம் ஆண்டில் அவர்களுள் நோய்க்கிருமி உடையோர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். 2000-ஆம் ஆண்டில் அத்தொகை நாடு முழுவதற்குமாக நூற்றுக்கு 24.5, குவாசூலு-நேட்டாலில் மட்டும் 36.2. பத்தே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. அம்மாகாணம் இவ்வேட்டின் வாசகர்க்கு முற்றும் அந்நியமானதன்று. 1860-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலேறிச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இறங்கிய நேட்டால்தான் அது. எனினும், ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டது சூலுப் பிள்ளைகளின் பள்ளி மேடையே.

சூலுச் சமுதாயத்தில் 'லொனிபா' என்றொரு மரியாதை வழக்கம் உண்டு. புதிதாய் மணமாகி வந்த பெண், மாமனாரின் பெயரைச் சொல்லலாகாது என்பது மட்டுமன்று; அப்பெயரில் வரும் ஓசையைக்கூட மற்றச் சொற்களிலிருந்து விலக்கி, மாற்றுச் சொல் தேடிப் பேசுதல் வேண்டும். இத்துணை நுட்பமாகச் சொல்லடக்கம் பயிலும் ஒரு மக்களிடையே, ஆணும் பெண்ணும் கூடும் வாழ்வைப் பற்றி மூத்தோரும் இளையோரும் நேருக்கு நேர் பேசுவது எளிதன்று. ஆசிரியர் கரும்பலகையில் ஆணுறை என்று எழுதுவார். எழுதிவிட்டு, பிள்ளைகளின் முகத்தைப் பாராமல் அடுத்த பாடத்துக்குத் திரும்பிவிடுவார். பிள்ளைகளும் அதனைக் குறிப்பேட்டில் பார்த்தெழுதுவர். தேர்வில் வினா வந்தால் விடையும் சரியாகவே எழுதுவர். அவ்வளவில் பாடம் முடிந்தது.

இந்நிலையில், 1990களின் தொடக்கத்தில் சூலுலாந்துப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையைச் சார்ந்த லின் டால்ரிம்பிள் அம்மையார் முன்னின்று தோற்றுவித்ததே 'டிராம்எய்ட்' என்னும் இயக்கம். நாடக வழியாக எய்ட்ஸ் கல்வி என்பது அப்பெயரின் விரிவு. அதன் முறை மூன்று படிகளை உடையது. முதற்படியில், நடிப்பும் கற்பித்தலும் ஒருங்கே அறிந்த இளைஞர் சிலர் ஒரு செவிலியோடு பள்ளிக்கு வந்து ஒரு நாடகத்தை நடித்துக் காட்டுவர். இரண்டாம் படியில் வகுப்பறை மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மாணவரைச் சிறு சிறு குழுக்களாக்கிப் பேசவும் நடித்துப் பார்க்கவும் செய்வர். மூன்றாம் படி, 'திறந்த நாள்'. அன்று மாணவர் தாமே இயற்றிய நாடகம், பாட்டு, ஆட்டம், கவிதை, சுவரொட்டி ஆகியவற்றைத் தம் பெற்றோர், அயலார், ஊர்ப் பெரியவர்கள் ஆகியோர் முன் அரங்கேற்றுவர். வந்தவர்கள் முதற்படியில் நடித்த நாடகத்தை மாணவர் மீண்டும் நடிப்பதன்று இது. மாணவர் தம் கையால் ஆக்கியது.

இம்மூன்றாம் படியே இம்முறைக்கு உயிர். முதலிரண்டும் அதற்கு ஆயத்தம் என்றே கொள்ளல் வேண்டும். மாணவன் ஒரு பாடத்தை ஒப்பித்தால் ஆசிரியருக்கு அவன் மனனம் தெரியும். அதனையே கட்டுரையாக எழுதினால் அவன் எங்கே இடறுகின்றான் என்பது தெரியும். நாடகமாக்கினாலோ, அவன் எதை நம்புகின்றான், எதற்கு அஞ்சுகின்றான், யாரைப் பழிக்கின்றான் என்பனவெல்லாம் வெளிப்பட்டுவிடும். ஆசிரியத் தொழிலில் பழகியோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வேடம் தரும் உரிமை

வாயால் சொல்லக் கூசுவதை மேடையில் சொல்ல முடிவது எங்ஙனம்? வேடம் பூண்டவன் சொல்லும் சொல் அவனுடையதன்று, பாத்திரத்தினுடையது. இவ்வுரிமையைச் சூலு மரபு முன்னரே அறிந்திருந்தது. அரசரைப் புகழ்ந்து பாடும் 'இசிபொங்கோ' என்னும் புகழ்ப்பாட்டு அவர்தம் பழம்பெருங்கலை. சாக்கா மன்னன் மீது பாடப்பட்டவை இன்றும் வழங்குகின்றன. அப்பாட்டைப் பாடும் புலவனுக்கு மன்னனின் வீரத்தைப் பாடுவதோடு, அவன் குறையைக் குத்திக் காட்டவும் இடமுண்டு. வேறெவரும் சொன்னால் தண்டனைக்குரியதாகும் சொல், பாட்டாக வருமிடத்துப் பொறுத்துக்கொள்ளப்படும். 'இசிகாத்தமியா' என்னும் குழுப்பாட்டும் அவ்வண்ணமே மக்கள் கலை. வேலை தேடி நகரங்களுக்குச் சென்ற சூலு ஆடவர், தொழிலாளர் விடுதிகளில் இரவு நேரங்களில் போட்டியிட்டுப் பாடி வளர்த்தது; மெல்லக் காலெடுத்து வைத்தல் என்பது அச்சொல்லின் பொருள். பூனைநடை போன்ற அவ்வாட்டமும், பின்னணி இசைக்கருவி எதுவுமின்றி எழும் பல குரல் இசையும் ஒரு முறை கேட்டோர் மறவார்.

டிராம்எய்ட் இயக்கத்தார் இக்கலைகளை ஒதுக்கிவிட்டு மேனாட்டு நாடகத்தை மட்டும் பள்ளிக்குக் கொண்டு வந்திருப்பின் அஃது ஒரு நாள் வேடிக்கையாய் முடிந்திருக்கும். திறந்த நாளில் புகழ்ப்பாட்டும் குழுப்பாட்டும் சூலு ஆட்டமும் இடம் பெற்றமையால், பெற்றோர் தமக்குத் தெரிந்த வடிவத்தில் தமக்குத் தெரியாத செய்தியைக் கேட்டனர். பழைய கலத்தில் புது நீர் வார்த்தது போன்றது என்று இதனைச் சொல்லிவிடலாம். ஆனால் அவ்வுவமை முற்றும் பொருந்தாது. கலம் நீரை மாற்றுவதில்லை. கலைவடிவமோ தான் ஏந்தும் செய்தியை மாற்றும். போட்டியிட்டு வெல்லவேண்டும் என்னும் வேகத்தோடு பாடும் ஆடவர் பாட்டு வடிவத்தில், ஒரு பெண் தன் காதலனிடம் மறுப்புக் கூறும் செய்தி வந்து அமரும்போது, அப்பெண்ணின் குரல் எங்கே நிற்கும்? இவ்வினாவை எழுப்பாமல், மரபுக் கலை என்ற அளவிலேயே மகிழ்ந்துவிடுதல் திறனாய்வாகாது.

பதினான்கு மில்லியன் நாடகம்

இதே காலத்தில் அதே நாட்டில் வேறொரு முயற்சியும் நடைபெற்றது. எம்பொங்கேனி ங்கேமா என்பார் பெரும் புகழ் பெற்ற நாடகாசிரியர். 1976-ஆம் ஆண்டு சொவேட்டோ மாணவர் கிளர்ச்சியைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய 'சராஃபினா' என்னும் இசை நாடகம் 1987-இல் ஜோகானஸ்பர்க்கில் அரங்கேறி, மறு ஆண்டே நியூயார்க்கின் பிராட்வே அரங்கத்தை எட்டியது. இளைஞர் பட்டாளமே மேடையில் நின்று ஆடிப்பாடிய நாடகம் அது. அவ்வெற்றியை நினைவிற் கொண்டு, தென்னாப்பிரிக்கச் சுகாதார அமைச்சு 1995-இல் அவரிடமே எய்ட்ஸ் பற்றியதொரு நாடகத்தை ஒப்படைத்தது. 'சராஃபினா இரண்டு' என்பது அதன் பெயர். ஒப்பந்தத் தொகை 1 கோடியே 42 லட்சம் ரேண்டுக்கும் மேல். ஒப்பந்தம் வழங்கப்பட்ட முறை பற்றிப் பெருங்கூச்சல் எழுந்தது; மக்கள் காப்பாளர் என்னும் அதிகாரி 1996-இல் விசாரித்து முறைகேடுகளை எடுத்துக்காட்டினார்; அதே ஆண்டில் நாடகம் நிறுத்தப்பட்டது.

பணத்தைப் பற்றியே பேசிப் பேசி, நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் குறைந்துவிட்டனர். அக்காலத்தில் எய்ட்ஸ் பணியில் இருந்தோர் கூறிய குறை, செய்தி தெளிவாக இல்லை என்பது. அஃது உண்மையே. ஆனால் அதனினும் ஆழ்ந்த குறை ஒன்றுண்டு. முதல் சராஃபினாவில் மேடை மீதிருந்த இளைஞர்க்கும் அவையில் இருந்த இளைஞர்க்கும் பகை ஒன்றே; கிளர்ச்சியின் சினம் அவ்விருவர்க்கும் பொதுவாயிருந்தது. தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளுள் வெகுளியும் பெருமிதமும் அந்நாடகத்தைத் தூக்கி நிறுத்தின. எய்ட்ஸ் நாடகத்துக்கோ வெளியே நிற்கும் பகைவன் இல்லை. காதலிப்பவனிடமிருந்து காதலிக்கு, தாயிடமிருந்து சேய்க்கு என்று அன்பின் வழியே வரும் நோய் அது. வெகுளியால் அதனை எதிர்க்க முனைந்தால், அவ்வெகுளி போய் விழுவதற்கு ஓர் ஆள் தேவைப்படும். அந்த ஆள் யார் என்பதே இடர்.

அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருந்தாள் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இது ங்கேமாவின் நாடகத்தைக் குறித்ததன்று. ஆப்பிரிக்கப் பள்ளிகளில் மாணவர் இயற்றிய எய்ட்ஸ் நாடகங்கள் பலவற்றிலும் காணப்பட்ட போக்கு. நல்ல பையன் ஒருவன், நகரத்து நடையுடை கொண்ட பெண் ஒருத்தி, பையன் மயங்குகின்றான், நோயுறுகின்றான், தாய் அழுகின்றாள், இறுதிச் சடங்கு, பின்னர் ஒருவர் முன்வந்து அவையினர்க்கு அறிவுரை. கதைக்கட்டு ஊருக்கு ஊர் மாறினும் எலும்புக்கூடு இதுவே. உண்மை நிலையோ இதற்கு மறுதலை. தென்னாப்பிரிக்காவில் பதினைந்து வயதுக்கும் இருபத்துநான்கு வயதுக்கும் இடைப்பட்டோருள் நோய்க்கிருமி தொற்றியோர் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. அவர்தம் காதலர் பெரும்பாலும் வயதில் மூத்தோர். மாணவர் நாடகம் உண்மையைக் காட்டாமல், ஊரில் வழங்கும் பழியைக் காட்டிற்று. எனினும் இதற்காக அம்மேடையை மூடிவிடலாகாது. பிள்ளை எழுதிய கட்டுரையில் பிழை இருந்தால், பிழையைக் காட்டித் திருத்துவதன்றோ ஆசிரியர் வேலை? பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி எளியது: இந்தப் பெண்ணுக்கு நோய் யாரிடமிருந்து வந்தது? நாடகத்தில் அதற்கு முன்னர் ஒரு காட்சி இருந்திருக்க வேண்டுமன்றோ? அக்காட்சியை எழுதச் சொன்னாற் போதும். நாடகம் தானே புரண்டு படுத்துவிடும்.

அச்சத்தின் எல்லை

இறுதிச் சடங்கில் முடியும் நாடகம் அச்சம், இளிவரல் என்னும் இரண்டு மெய்ப்பாடுகளையே நம்பி நிற்பது. அச்சம் பயனற்றது என்று கூறுவதற்கில்லை. 1990களில் சடங்கு என்பது கற்பனையுமன்று. மாணவர் சனிக்கிழமைதோறும் கண்டது. ஆனால் அச்சம் நோயோடு நில்லாது நோயாளி மீதும் பாயும் இயல்பினது. 1998-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், டர்பன் நகரையடுத்த குவாமாசுவில், தமக்கு நோய்க்கிருமி உண்டு என்று வெளிப்படையாகக் கூறிய குகு டிலாமினி என்னும் பெண்மணி அயலாரால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். டர்பன் நகரின் நடுவே இன்று அவர் பெயரால் ஒரு பூங்கா உள்ளது. மௌனத்தைக் கலையுங்கள் என்று ஒரு புறம் இளைஞரை ஏவிவிட்டு, மறுபுறம் நோயாளியை அருவருப்புக்குரிய உருவாக மேடையில் நிறுத்துவது எத்துணை முரண் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

இவ்விடத்தில் ஒரு சிறுவனை நினைத்தல் தகும். பிறவியிலேயே நோய்க்கிருமி தொற்றிய ங்கோசி ஜான்சனுக்கு 1997-இல் ஒரு தொடக்கப் பள்ளியில் இடம் தருவது பற்றித் தகராறு எழுந்தது. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் டர்பனில் கூடிய பதின்மூன்றாம் அனைத்துலக எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க விழாவில், அளவுக்கு மிஞ்சிய கோட்டு ஒன்றை அணிந்து நின்று, பதினொரு வயதான அவன் பேசினான். தொடுவதாலும் தழுவுவதாலும் இந்நோய் தொற்றாது என்றும், கர்ப்பிணித் தாய்மார்க்கு மருந்து கொடுங்கள் என்றும் கேட்டான். மறு ஆண்டு ஜூன் முதல் நாள் இறந்தான். அது நாடகமன்று, ஆனால் அவையைக் கவர்ந்த மெய்ப்பாடு அச்சமன்று, பெருமிதம் என்பதைக் கலைஞர் கருத்திற் கொள்ளல் நலம். 2002-இல் தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சியான 'தாக்கலானி செசமி'யில் காமி என்னும் பொம்மைச் சிறுமி தோன்றினாள். நோய்க்கிருமி உடைய ஐந்து வயதுப் பெண் அவள். சிரிப்பாள், விளையாடுவாள். அப்பொம்மையைக் கண்டு சிரித்த மழலைகள் அவளைக் கண்டு ஒதுங்கக் கற்றிருக்க மாட்டார்கள்.

பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகஸ்தோ போவால் வகுத்த மன்ற நாடகம் என்னும் முறை தென்னாப்பிரிக்கப் பணியாளர்க்குக் கைகொடுத்தது. தவறான முடிவில் சென்று நிற்கும் ஒரு குறுங்காட்சியை முதலில் நடிப்பர். மீண்டும் நடிக்கும்போது அவையோருள் எவரேனும் 'நிறுத்து' என்று கூறி, மேடையேறி, பாத்திரத்தின் இடத்தில் தாமே நின்று வேறு விதமாக நடித்துக் காட்டலாம். மூத்த காதலன் பரிசு கொடுத்து அழைக்கின்றான். பெண் மறுக்க முடியாமல் நிற்கின்றாள். அவையிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்து மறுத்துப் பார்க்கின்றாள், அவன் வாயடைக்க மாட்டான், அவள் தோற்கின்றாள். இன்னொருத்தி வருகின்றாள். 'வேண்டாம் என்று சொல்' என அறிவுரை கூறுவது எத்துணை எளிது, அதனைச் சொல்வது எத்துணை அரிது என்பதை அறிவுரை நாடகம் ஒருபோதும் காட்டாது. மன்ற நாடகம் காட்டும். இதில் நகைக்கும் இடமுண்டு. தோற்றுத் திரும்புவோளைக் கண்டு தோழியர் சிரிப்பர். அச்சிரிப்பில் இழிவு இல்லை, ஒப்புதல் உண்டு. கலை என்ற அளவில் நோக்கினாலும், முடிவு தெரிந்த கதையைவிட முடிவு தெரியாத காட்சியே அவையைப் பிடித்து வைக்கும் என்பது கண்கூடு.

இவற்றால் விளைந்த பயன் யாது என்று வினவுவோர் உளர். அளந்து பார்த்ததும் உண்டு. குவாசூலு-நேட்டாலில் ஏழு இணை உயர்நிலைப் பள்ளிகளை எடுத்து, ஒவ்வோர் இணையிலும் ஒரு பள்ளிக்கு அச்சிட்ட குறிப்பு மட்டும், மற்றொன்றுக்கு நாடகத் திட்டம் என்று குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்த முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாடகத் திட்டம் நடந்த பள்ளிகளில் அறிவும் மனப்பாங்கும் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன; ஆணுறை பயன்படுத்துவதாகக் கூறியோரும் மிகுந்தனர். அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று கருதும் கல்வி அதிகாரிகள் இதனைப் படித்தல் வேண்டும். எனினும் இரண்டு செய்திகளை மறைக்கலாகாது. முதற் கணிப்பில் 1080 மாணவர் கலந்துகொண்டனர். இரண்டாவதில் 699 பேரே. பள்ளியிலிருந்து நின்றோரும் வராதோருமே ஒருவேளை மிகுந்த இடருக்குரியவர்களாய் இருந்திருக்கலாம். மேலும், 'பயன்படுத்துகின்றேன்' என்பது மாணவன் வாய்ச்சொல். நல்ல விடை எதுவென்று நாடகமே அவனுக்குக் கற்பித்துவிட்ட பின் அவன் வேறு விடை தருவானோ? இக்குறைகளால் ஆய்வு பயனற்றதாகிவிடாது. நாடகம் ஊரின் நோயைத் தீர்த்துவிட்டது என்று மார்தட்டுவதற்கு அதில் இடமில்லை என்பது மட்டுமே பெறப்படும். வேலையின்மையையும், கணவன் ஓரிடம் மனைவி ஓரிடமாக ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழச் செய்த தொழிலமைப்பையும் பள்ளி மேடை மாற்றிவிடாது.

இனி, நாடகத்தின் முடிவுக் காட்சி பற்றியது. 2002-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், தாயிடமிருந்து சேய்க்கு நோய் தொற்றாமல் காக்கும் நெவிரப்பீன் மருந்தை அரசு மருத்துவ மனைகளில் தருதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2004 முதல் கிருமியைக் கட்டுப்படுத்தும் மருந்து அரசு மருத்துவ மனைகளில் படிப்படியாகக் கிடைக்கத் தொடங்கிற்று. நாள்தோறும் மாத்திரை உண்டு கிருமியைக் குருதியில் காணமுடியாத அளவுக்கு அடக்கியவரிடமிருந்து உடலுறவால் நோய் தொற்றாது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. தென்னாப்பிரிக்காவில் நோய்க்கிருமியோடு வாழ்வோர் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பலர் மருந்துண்டு, வேலைக்குச் சென்று, பிள்ளை வளர்த்து வாழ்கின்றனர். ஆகவே சவப்பெட்டியோடு முடியும் நாடகம் முன்னர் மெய், இன்று பொய். அதனை இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் குழுவினர், சோதனைக்குச் செல்ல எண்ணும் ஓர் இளைஞனைத் திருப்பி அனுப்புகின்றனர்.

புதிய நாடகத்துக்கு உள்ள இடர்ப்பாடு வேறு. சாவு நல்ல உச்சக்காட்சி, மாத்திரை அவ்வாறன்று. இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, மறுநாள் எட்டு மணிக்கு ஒரு மாத்திரை என்று நாற்பது ஆண்டு செல்லும் வாழ்வில் நாடகம் எங்கே இருக்கின்றது? விடுதித் தோழர் அறியாமல் மாத்திரைப் புட்டியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைக்கும் பதினேழு வயது மாணவனிடம் இருக்கின்றது. புட்டி குலுங்கி ஓசை செய்யாதிருக்க அவன் பஞ்சை அடைக்கின்றான். அப்பஞ்சை எடுக்கும் நாள் எது, யார் முன்னிலையில் எடுப்பான் என்பதே இனி எழுதப்படவேண்டிய காட்சி. அதனை எழுதும் தகுதி, பட்டணத்து நாடகாசிரியரைவிட அதே விடுதியில் படுத்துறங்கும் மாணவர்க்கே மிகுதி.